அண்ணி ஆட்டம்: ஆஜர் போட்டவர்கள்

அன்று காலை கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு நடந்த ரகளைக்கு அந்த வரிசையே பாதிக் காரணம்.

மாமனார் ஜன்னலோர நாற்காலியில், வலது காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி. மாமியார் தரையில், தட்டில் பூண்டு உரித்தபடி. கொழுந்தன் சோபாவின் கைப்பிடியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தயாரானவன் போல. கணவன் வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. லிஃப்ட் மெக்கானிக் எங்கே நின்றாலும் அப்படித்தான் நிற்பான் என்று அந்த வீட்டில் ஒரு கேலி உண்டு. அண்ணி, சின்ன அறையின் கதவில் சாய்ந்தபடி. பேச்சே அந்த அறையைப் பற்றித்தான் என்பதால் அவள் அதை விட்டு நகரவில்லை.

சோபாவின் நடு இடத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே இரண்டு தலையணைகளின் மேல், தண்ணீர்ச் செம்பில் சாய்ந்தபடி ஒரு போன் உட்கார்ந்திருந்தது. போனுக்குள் நாத்தனார் இருந்தார்.

அண்ணி என்பது அவளுடைய பேர் இல்லை. கேம் ஆடி, ஆடும்போதே பேசி, அதை வீடியோவாகப் போடும் சேனல் ஒன்றை அவள் ஆரம்பித்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் அதற்கு 'அண்ணி ஆட்டம்' என்று பேர் வைத்தான். சேனல் வளர்ந்ததோ இல்லையோ, பேர் வளர்ந்தது. அக்கம்பக்கம் அண்ணி என்றது. கணவன் அண்ணி என்றான். மாமனார்கூட ஒருநாள் வாய்தவறி, "அண்ணி, அந்தப் பேப்பரை எடும்மா" என்று சொல்லிவிட்டு, மாலை வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாத்தனார் மகளுக்கு இந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்த கதையும், அவள் தங்குவதற்குச் சின்ன அறையை ஒழித்துத் தர வேண்டும் என்று போன வாரம் உத்தரவு வந்த கதையும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று அண்ணி சொல்லியிருந்தாள். அந்த யோசனை முடிந்ததா என்று கேட்கத்தான் இன்று இந்தக் கூட்டம்.

சின்ன அறை என்பது உண்மையிலேயே சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு நாற்காலி. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கதவு திறக்காது. சத்தம் வெளியே போகாமலிருக்க கணவன் சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளை அடித்துத் தந்திருந்தான். அங்கே உட்கார்ந்துதான் அவள் ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரோடு போட்டு, குழாய் இழுத்து, பஸ் விட்டு, வரி போட்டு நடத்தும் விளையாட்டு அது. வேறு பலரும் ஆடுகிற விளையாட்டுதான். ஆனால் அவள் அந்த நகரத்து ஜனங்களிடம் பேசினாள். தண்ணீர் வரவில்லை என்று திரையில் சிவப்புக் குறி வந்தால், "கொஞ்சம் பொறுங்க, நான் என்ன குழாயைக் கையிலயா வெச்சிருக்கேன்" என்று சண்டை பிடித்தாள். முகம் தெரியாதவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள்.

அது ஆரம்ப மாதங்களில். மழைக்காலத்துக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. வீடியோ போடப் போட, பார்ப்பவர் கணக்கு நகரவே இல்லை. பழுதான வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு நிற்பது மாதிரி, அப்படியே.

போனுக்குள்ளிருந்து நாத்தனார் பேசினார். அறை வேண்டும் என்பதை அவர் நேராகச் சொல்லவில்லை. பொம்மை ஊர் கட்டுகிறவளுக்கு இருக்கிற இடம், படிக்கிற பிள்ளைக்கு இல்லையா என்றார். ஆசைக்கு ஒரு வருஷம் கொடுத்தாயிற்று, யாரும் தடுக்கவில்லை, வளரவில்லை என்றால் வளரவில்லை என்று ஒத்துக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல் என்றார். யாரும் குறுக்கே பேசவில்லை. அவர் பேசும்போது குறுக்கே பேச இடைவெளி என்று ஒன்று இருக்காது.

அவர் மூச்சு வாங்கிய ஒரு நொடியில் மாமனார் சமாதானமாக நுழைந்தார். அதுதான் வினை.

"நாங்களும் சும்மா இல்லம்மா. ஒரு நாள் விடாம ஆஜர் போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

"என்ன ஆஜர், மாமா?"

பூண்டு உரிக்கும் கை நின்றது. கொழுந்தன் ஃபேனைப் பார்த்தான். வாசற்படியிலிருந்த கால் இன்னும் கொஞ்சம் வெளியே போனது.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. மழைக்காலத்தில் நாத்தனார் போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார். பேர், 'அண்ணிக்கு ஆதரவு'. அண்ணியைத் தவிர சொந்தபந்தம் மொத்தமும் அதில் உண்டு. சித்தப்பா குடும்பம், பெரியம்மா மக்கள், நாத்தனாரின் ஆபீஸ்காரர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லாரும். அண்ணி வீடியோ போட்டதும் நாத்தனார் அதைக் குரூப்பில் தட்டிவிடுவார். ஆளாளுக்கு அதைத் திறந்து, லைக்கை அழுத்தி, மூடிவிட்டு, 'ஆஜர்' என்று எழுத வேண்டும். மாமனார் தொழிற்சாலை கேட்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை அவரிடம். பொழுது சாய்வதற்குள் ஆஜர் போடாதவர்களுக்கு வீட்டிலிருந்து போன் போகும்.

அண்ணி கதவிலிருந்து நிமிர்ந்தாள்.

"திறந்துட்டு எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"பாக்கறதா?" மாமனாருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "லைக் பட்டன் எங்க இருக்குன்னு தேடற நேரம்தான்."

அவள் உள்ளே போனாள். கம்ப்யூட்டரைத் தூக்கி வர முடியாது என்பதால் அது காட்டிய கோட்டைத் தன் போனில் படம் எடுத்து வந்து, நாத்தனார் இருந்த போனுக்கு முன்னால் நீட்டினாள். ஒரு வீடியோவை மக்கள் எதுவரை பார்த்தார்கள், எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று காட்டும் கோடு அது. மேலே ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே கிணற்றில் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கி, அடியில் மெல்லிசாகக் கடைசி வரை ஓடியது. எல்லா வீடியோவுக்கும் இதே கிணறு.

"இந்த விழுந்தவங்க எல்லாம் நீங்கதான்" என்றாள்.

பொறுமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். வீடியோ தளத்தை நடத்துவது மனுஷன் இல்லை, கணக்கு. நூறு பேர் உள்ளே வந்து எண்பது பேர் வந்த காலோடு திரும்பிப் போனால், உள்ளே ஏதோ நாறுகிறது என்று அது முடிவு கட்டிவிடும். அப்புறம் புதிதாக யாருக்கும் காட்டாது. கடை வாசலில் சொந்தக்காரர்களே வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனால், தெருவில் போகிறவன் எப்படி உள்ளே வருவான்?

சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. ஏனென்றால், சொல்லும்போதுதான் அவளுக்கே முழுசாக உறைத்தது.

அவள் தன் வீடியோக்களை, "வாங்க, உள்ள வாங்க, செருப்பை அப்படி ஓரமா விடுங்க" என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செருப்பு வசனத்துக்காகவே வருகிறோம் என்று எழுதியவர்கள் உண்டு. கோடு அங்கேயே விழுவதைப் பார்த்து, தன் வரவேற்புதான் ஆளை விரட்டுகிறது என்று நினைத்து அதை வெட்டினாள். பிறகு குரலை மாற்றினாள். பேச்சைக் குறைத்தாள். வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று சிரிக்கப் பழகினாள். இத்தனை மாதமும் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எறிந்திருக்கிறாள், லைக் பட்டன் தேடியவர்களுக்காக.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். "என் சேனலுக்கு என்னைத் தவிர எல்லாரும் குரூப்பு."

"நல்லது செய்யப் போய் இந்தப் பேச்சு வேற கேக்கணுமா?" போன் தலையணை மேல் ஆடியது. "இத்தனை பேர் தோள் கொடுத்தும் ஏறலன்னா, சரக்குல குறைன்னு ஒத்துக்க வேண்டியதுதானே அண்ணியாரே. கோடு காட்டறாளாம் கோடு."

மாமனார் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். தன் சர்வீஸில் ஆஜர் போட்டதற்காக யாரையும் யாரும் திட்டிக் கேட்டதில்லை என்றார். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றார். எழுந்து உள்ளே போனார்.

அண்ணி வாசற்படியைப் பார்த்தாள். "நீங்களும் போட்டீங்களா?"

கணவன் வாயைத் திறந்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. பக்கத்துத் தெருவில் பல் மருத்துவர் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். லிஃப்ட் நின்றதற்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

கொழுந்தன் தலையணை மேலிருந்த போனை எடுத்துக்கொண்டு நழுவியதும் கூடம் காலியானது. மாமியார் பூண்டுத் தோலை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரூப்பில் தான் இல்லை, தன் போனுக்கு அதெல்லாம் வராது என்று முதலில் தெளிவுபடுத்தினார். ஆனால் டிவியில் கொழுந்தன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் வீடியோ ஓடும், மதியம் தான் பார்ப்பதுண்டு என்றார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல குப்பைக்கிடங்கு கொண்டுபோய் வெச்சியே. மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிட்டே இருக்க. பிள்ளைங்க படிக்கிற இடம் இல்லையா அது?"

அண்ணி குனிந்து, சிதறிக் கிடந்த தோலை அவரோடு சேர்ந்து அள்ளினாள். "நாளைக்கு மாத்திடறேன் அத்தை" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கணவன் போன கட்டடத்துக்கு நடந்தாள். வந்து பேசுகிறவன் எப்போது வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

கீழே பல் மருத்துவர், நடுவில் வக்கீல்கள், மேலே குடித்தனங்கள் என்று அடுக்கிய கட்டடம் அது. லிஃப்ட் வாசலில் 'வேலை நடக்கிறது' பலகை. அண்ணி படியேறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது மூச்சு வாங்கியபடி நின்று, லிஃப்ட்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அவளுக்கு அது கேட்க இதமாக இருந்தது.

மொட்டைமாடி ஓரத்து மெஷின் அறையில் கணவன் முட்டிபோட்டு, மோட்டார் பக்கத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். கிரீஸ் வாடை. அவளைப் பார்த்ததும் டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் ஊருக்கு மேயர் யாரு?"

"எந்த ஊருக்கு?"

"ஒரு வருஷமா நான் கட்டிட்டிருக்கற ஊருக்கு."

அவன் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "அந்த மீசை வெச்ச ஆளா?" என்றான் கடைசியில்.

"மேயர்னு யாருமே கிடையாது. நான்தான்."

அவன் தலை குனிந்தது. சைட்டில் வேலைக்கு நடுவே போனை எடுத்து ஆஜர் போட்டதை ஒத்துக்கொண்டான். கம்பளி அடித்துக் கொடுத்தவன், ஒரு வீடியோகூட முழுசாகப் பார்க்கவில்லை.

"பாக்கணும்னு திறப்பேன். உன் குரல் வரும். என்னமோ கூச்சமா இருக்கும், மூடிடுவேன்" என்றான். "வீட்ல வாயே திறக்க மாட்ட. அங்க யார் யார்கிட்டயோ அவ்வளவு சிரிச்சுப் பேசற. அது யாரோ மாதிரி இருக்கும்."

"வீட்ல யாரு கேக்கறா? கூடத்துல இன்னிக்கு எனக்கு உக்காரக்கூட இடமில்ல. போனுக்குத் தலையணை போட்டு வெச்சிருந்தீங்க."

அவன் பஞ்சைக் கீழே போட்டான். மோட்டாரைப் போட்டுப் பார்த்தான். லிஃப்ட் கிளம்பியது. கிளம்பி, அடுத்த மாடியில் நின்றது. அதற்கடுத்த மாடியில் நின்றது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடும் சத்தம் மேலே கேட்டது.

"பசங்க வேலை" என்றான் அவன் எரிச்சலாக. "ஒரு மாடி விடாம பட்டனை அழுத்திட்டு ஓடிடுவாங்க. இது பாவம், ஒவ்வொரு இடத்துலயும் நின்னு கதவைத் திறக்கும். ஏற ஆள் இருக்காது. உள்ள இருக்கறவன் லிஃப்ட் சரியில்லம்பான். சரியில்லாதது லிஃப்ட்டா..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். அவளைப் பார்த்தான். அவள் சொல்ல வேண்டியதை அவனே சொல்லியாயிற்று.

அங்கேயே, படியில் உட்கார்ந்து, அவன் அக்காவுக்குப் போன் போட்டான். குரூப்பைக் கலைத்துவிடு, அறையை வேறு மாதிரிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதாகத்தான் திட்டம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அக்கா, அது வந்து..." என்றான். "இல்லக்கா" என்றான். "அது சரிதான்க்கா" என்றான். கொஞ்ச நேரத்தில் "சரிக்கா, சரிக்கா" என்று மட்டும் வந்தது. போனை வைத்தபோது, மகளின் பெட்டியை வைக்கச் சின்ன அறைப் பரணில் இடம் இருக்கிறதா என்று அளந்து சொல்ல ஒப்புக்கொண்டிருந்தான்.

"உங்க அக்காகிட்ட போன்ல பேச முடியாது. கேக்கத்தான் முடியும்" என்றாள் அண்ணி. எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "எழுதிடலாம். எழுத்துல யாரும் குறுக்கே பேச முடியாது."

வீட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். மைக் முன்னால் அடக்கிக்கொண்டிருந்த பேச்செல்லாம் பேனாவில் வந்தது. பெண் தாராளமாக வரலாம், அது அவளுடைய மாமா வீடு. கொழுந்தனின் அறை அவளுக்கு. கொழுந்தன் கூடத்தில் படுத்துக்கொள்வான், கேட்டாயிற்று. சின்ன அறை சின்ன அறையாகவே இருக்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பிறகு ஆஜருக்கு வந்தாள்.

'என் வீடியோவை யாரும் எனக்காகத் திறக்க வேண்டாம். பார்க்கத் தோன்றினால் பாருங்கள், சலித்தால் மூடுங்கள். அந்தச் சலிப்பையாவது நான் நம்பலாம். பார்க்காமலே கைதட்டி, பிறகு என் சரக்கில் குறை என்று சொன்னீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. குறை இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் நீங்கள் பார்க்கவே இல்லை. குரூப்பைக் கலைத்துவிடுங்கள். அதன் பிறகும் இந்தச் சேனல் வளரவில்லை என்றால் அது என் தோல்வி. அதையாவது எனக்கென்று விட்டுவையுங்கள்.'

கணவன் படித்தான். கீழே கையெழுத்துப் போட்டான். அக்கா படிக்கும்போது தன் பேரைப் பார்ப்பாளே என்று அவன் கை ஒரு கணம் நின்றதை அண்ணி பார்த்தாள். நின்றதைத்தான் பார்த்தாள், பிறகு போட்டதையும்.

காலையிலிருந்து உள்ளே இருந்த மாமனார் அப்போது வெளியே வந்தார். தண்ணீர் குடிக்க வந்ததாகக் காட்டிக்கொண்டு, கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தார். ஒரு 'தயவுசெய்து' போட்டிருக்கலாம் என்றார்.

"யோசிச்சுத்தான் மாமா போடல."

அவர் தலையாட்டினார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார். "எல்லாத்தையும் அவ தலையில போட்டிருக்க. சாயங்காலம் ஆனா போன் பண்ணி விரட்டினது நான். கேட்ல நிக்கும்போது, ஆஜர் கார்டை அடிச்சிட்டு, வேலை பாக்காம வீட்டுக்குப் போறவனைப் பிடிச்சு நிறுத்தறதுதான் என் வேலை. இங்க நானே எல்லாரையும் அடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன். என் பேரையும் எழுது."

வேண்டாம் என்று அண்ணி சொல்லவில்லை. கோபம் தீர்ந்துவிடவில்லை, தீராமலே அவள் பேனாவை எடுத்து, 'மாமாவும்தான்' என்று ஒரு வரி சேர்த்தாள். அவர் அதைச் சரிபார்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே கூரியர் கவுண்டர் இருந்தது. கவுண்டர்ப் பெண் உறையைத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டாள். கடிதம் என்றாள் அண்ணி. சான்றிதழா, ஒப்பந்தமா என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். வெறும் கடிதம் என்றதும் ஒரு நிமிடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பசைக் குப்பியைத் தள்ளினாள்.

அண்ணி உறையின் நாக்கில் பசை தடவிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. நாத்தனார். அவர் இதுவரை அவளுடைய போனுக்கு நேராகக் கூப்பிட்டதே கிடையாது. எதுவானாலும் தம்பிக்குத்தான் கூப்பிடுவார், தம்பி இல்லையென்றால் அப்பாவுக்கு. எதற்கு இப்போது? குரூப்பில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? பெண்ணுக்கு ஏதாவதா?

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுங்கக்கா, நான் காத்திருக்கேன்" என்றாள் கவுண்டர்ப் பெண்.

அண்ணி உறையை மடித்து, பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். போன் கவுண்டர் மேல் அதிர்ந்தபடி மெல்ல நகர்ந்தது.

"அவங்க இதை முதல்ல படிக்கட்டும்" என்று சொல்லி, கடிதத்தைக் கவுண்டர்க் கம்பிக்கு உள்ளே தள்ளினாள்.